உதரவிதானத்துக்கு இரத்தம் வரும் வழி எது?

மாணவ நண்பர்களே, இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் ஒரு முறையாவது மூச்சு இழுத்து விட்டிருப்பீர்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கொண்டால் ஒரு மணிக்கு 900. ஒரு நாளைக்கு 21,600. நம் சித்தர் மரபிலும் இதே எண்ணிக்கை வழங்கி வருவதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். உறங்கும்போதும் விளையாடும்போதும் தேர்வு எழுதும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. இதைச் செய்யும் முதன்மையான தசைக்கு உதரவிதானம் என்று பெயர்.

ஓயாமல் உழைக்கும் இந்தத் தசைக்கு இரத்தம் எந்த வழியாக வருகிறது? கேள்வி எளியதுதான். ஆனால் இதற்கான விடை ஆளுக்கு ஆள் மாறுகிறது! அந்த மாற்றத்தை அறியாவிட்டால், ஈரல் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்யும் வல்லுநரின் முயற்சிகூட வீணாகிவிடலாம். அது எப்படி என்று காண்போம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கூரை

'உதரம்' என்றால் வயிறு. 'விதானம்' என்றால் மேற்கட்டி. வயிற்றறையின் மேல் பந்தல் விரித்தாற்போல் அமைந்திருப்பதால் இப்பெயர் வந்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவம் உடையது. கிண்ணத்தின் மேல் இதயமும் நுரையீரல்களும் அமர்ந்திருக்கின்றன. வலப்புறம் கிண்ணத்தின் அடியில் கல்லீரல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடப்புறம் இரைப்பையும் மண்ணீரலும் உள்ளன.

உதரவிதானத்தின் ஓரங்கள் தசையால் ஆனவை. நடுப்பகுதி உறுதியான நாண் தகடு. தசை சுருங்கும்போது கிண்ணத்தின் உச்சி கீழே இறங்குகிறது. மார்பறையின் கொள்ளளவு கூடுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. பாயில் விதி உங்களுக்கு நினைவிருக்கிறதல்லவா? அதுவே இங்கும் செயல்படுகிறது. அமைதியாக மூச்சு விடும்போது உச்சி ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். ஆழ்ந்து மூச்சு இழுத்தால் இன்னும் பல சென்டிமீட்டர் இறங்கும்.

இந்தக் கூரையில் மூன்று பெரிய வாயில்கள் உண்டு. ஒன்றின் வழியே கீழ்ப் பெருஞ்சிரை இதயத்துக்கு ஏறுகிறது. மற்றொன்றின் வழியே உணவுக்குழல் வயிற்றுக்கு இறங்குகிறது. மூன்றாவது முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் உள்ளது. அதன் வழியே பெருந்தமனி மார்பிலிருந்து வயிற்றுக்கு வருகிறது. நம் கதை இந்த மூன்றாம் வாயிலுக்குச் சற்றுக் கீழே தொடங்குகிறது.

இரண்டு சிறிய தமனிகள்

உதரவிதானத்துக்கு மேலிருந்தும் கீழிருந்தும் இரத்தம் வருகிறது. மார்பறையில் இருந்து வரும் சில மெல்லிய கிளைகள் மேற்பரப்பையும் ஓரங்களையும் கவனித்துக்கொள்கின்றன. ஆயினும் பெரும்பங்கு அளிப்பவை கீழிருந்து ஏறும் இரண்டு தமனிகளே. இவற்றுக்குக் கீழ் உதரவிதானத் தமனிகள் என்று பெயர். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. வலப்புறத்துத் தமனி கீழ்ப் பெருஞ்சிரைக்குப் பின்னால் புகுந்து செல்கிறது. இடப்புறத்துத் தமனி உணவுக்குழலுக்குப் பின்னால் செல்கிறது. போகும் வழியில் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கும் இவை கிளைகள் தருகின்றன. இடப்புறத்துத் தமனி உணவுக்குழலின் அடிப்பகுதிக்கும் கொஞ்சம் இரத்தம் கொடுக்கிறது.

இவை எங்கிருந்து புறப்படுகின்றன? பெரும்பாலான பாடநூல்கள், 'பெருந்தமனியின் வயிற்றுப் பகுதியில் பிரியும் முதற் கிளைகள் இவை' என்று சொல்லும். தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் உடல்களைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது வேறு.

2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் ஏறத்தாழ 300 உடல்களில் இத்தமனிகளின் பிறப்பிடம் தேடப்பட்டது. வலப்புறத்துத் தமனியைப் பாருங்கள். நூற்றுக்கு 40 உடல்களில் அது சீலியாக் தண்டிலிருந்து பிரிந்தது. (சீலியாக் தண்டு என்பது பெருந்தமனியிலிருந்து முன்னோக்கிப் புறப்பட்டு, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் கிளைவிடும் குட்டையான தமனி.) நூற்றுக்கு 38 உடல்களில் பெருந்தமனியிலிருந்தே நேராகப் பிரிந்தது. 17 உடல்களில் சிறுநீரகத் தமனியிலிருந்து பிரிந்தது. எஞ்சிய சில உடல்களில் இரைப்பைத் தமனியிலிருந்தும் கல்லீரல் தமனியிலிருந்தும் பிரிந்தது. இடப்புறத்துத் தமனிக்குச் சீலியாக் தண்டு 47, பெருந்தமனி 45, சிறுநீரகத் தமனி 5 என்று கணக்கு வந்தது. சிலருக்கு வலமும் இடமும் ஒரே அடிமரத்திலிருந்து கிளம்பி, பிறகு இரண்டாகப் பிரிவதும் உண்டு.

கணக்கைக் கூர்ந்து பாருங்கள். 'இதுதான் விதி' என்று பாடநூல் சொல்லும் அமைப்பு, பாதிப் பேருக்குக்கூடப் பொருந்தவில்லை! வலப்புறத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குத் தமனி சிறுநீரகத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் எண்கள் சற்று ஏறியும் இறங்கியும் இருக்கும். ஆனால் எல்லா ஆய்வுகளும் சொல்லும் செய்தி ஒன்றே: வழி ஒன்றல்ல, பல.

கடைமடைக்காரருக்குத் தெரிந்த உண்மை

நான் இக்கட்டுரையைக் கீழவாஞ்சூரிலிருந்து எழுதுகிறேன். காரைக்கால் வட்டாரத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டி, கடலோரத்தில் உள்ள ஊர் இது. கல்லணையைக் கடந்து வரும் காவிரி, கிளைகிளையாகப் பிரிந்து இந்தக் கடற்கரையில்தான் முடிகிறது. அரசலாறும் திருமலைராஜனாறும் அவ்வாறு வந்த கிளைகளே. அவற்றிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களிலிருந்து மடைகள் என்று நீர் வயல்களை அடைகிறது.

இரண்டு வயல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றுக்கு ஒரு வாய்க்காலிலிருந்தும், அடுத்ததற்கு வேறொரு வாய்க்காலிலிருந்தும் நீர் வரும். வயலைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது; வாய்க்காலோடு நடந்து போய்த்தான் அறிய வேண்டும். பெரிய வரைபடத்தில் காணாத மடைகளும் உண்டு. கடைமடை விவசாயி இதை நன்கு அறிவார். தண்ணீர் வந்தால் போதும் என்று இருக்கும் நாளில் வழி எதுவானாலும் கவலையில்லை. தண்ணீரை நிறுத்த வேண்டிய நாளில்தான் வழி முக்கியமாகிறது.

உடலிலும் இப்படித்தான். உதரவிதானத்துக்கு இரத்தம் வந்து சேர்ந்தால் அது நலமாக வேலை செய்யும். பெருந்தமனியிலிருந்து வந்ததா, சிறுநீரகத் தமனியிலிருந்து வந்ததா என்று தசை கேட்பதில்லை. அதனால்தான் இவ்வித வேறுபாடு உள்ளவர் எந்தத் தொல்லையும் இன்றி, அது இருப்பதே தெரியாமல், முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார். இது நோயன்று, குறையும் அன்று.

வேறுபாடு எதனால் தோன்றுகிறது? தாயின் வயிற்றில் கரு வளரும் தொடக்க வாரங்களில், பெருந்தமனியிலிருந்து பல சிறு கிளைகள் வரிசையாக முளைக்கின்றன. உறுப்புகள் வளர்ந்து இடம் மாறும்போது இக்கிளைகளுள் சில மறைகின்றன. சில ஒன்றோடொன்று இணைகின்றன. சில பருத்து நிலைத்துவிடுகின்றன. எது மறையும், எது நிலைக்கும் என்பது ஒவ்வொரு கருவிலும் அப்படியே ஒத்திருப்பதில்லை.

செய்து பாருங்கள்

உடல் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுவதை நீங்களே காணலாம். கத்தியும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

சோதனை 1: கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையில் நீல நிறச் சிரைகள் புடைத்துத் தெரியும். அவற்றின் கிளைகளை ஒரு தாளில் வரையுங்கள். உங்கள் வகுப்பில் இருபது பேரிடம் இவ்வாறு வரைந்து ஒப்பிடுங்கள். ஒரே மாதிரியான இரண்டு படங்கள் கிடைக்கின்றனவா? உங்கள் வலக்கையும் இடக்கையுமாவது ஒத்திருக்கின்றனவா?

சோதனை 2: உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேருங்கள். மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு நாண் கயிறு போல எழும். சிலருக்கு அது எழவே எழாது; அந்தத் தசை அவர்களுக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் அவர்கள் பந்து எறிவதில் பின்தங்கிவிடுவதும் இல்லை. உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு இல்லை என்று கணக்கெடுங்கள்.

கல்லீரலுக்கு இரண்டு நீர்வழிகள்

வழி முக்கியமாகும் நாள் எது என்று இப்போது பார்ப்போம்.

கல்லீரல் ஒரு விந்தையான உறுப்பு. மற்ற உறுப்புகளுக்குத் தமனி மட்டுமே இரத்தம் கொண்டுவரும். கல்லீரலுக்கோ இரு வழிகள். குடலிலிருந்து உணவுச் சத்துகளைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தத்தைத் தருகிறது. எஞ்சிய கால் பங்கைக் கல்லீரல் தமனி தருகிறது.

ஆனால் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி தோன்றினால், அந்தக் கட்டி பெரும்பாலும் தமனியின் இரத்தத்தையே குடித்து வளர்கிறது. இந்த வேறுபாட்டை மருத்துவர்கள் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். கட்டிக்குப் போகும் தமனிக் கிளையை அடைத்துவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும். கல்லீரலின் நல்ல பகுதியோ போர்ட்டல் சிரையின் இரத்தத்தைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும்! 1970களில் தொடங்கிய இம்முறையை ஜப்பானிய மருத்துவர் யமாடா முதலானோர் வளர்த்தனர். 1983இல் அவர் 120 நோயாளிகளுக்கு இம்முறையில் மருத்துவம் செய்த அனுபவத்தை வெளியிட்டார். அறுவை செய்து கட்டியை அகற்ற முடியாத பலருக்கு இன்று உலகெங்கும் இம்முறை பயன்படுகிறது.

இதில் பயன்படும் ஒரு பொருளைக் கேட்டால் வியப்பீர்கள். கசகசா எண்ணெய்! அதனோடு அயோடினைச் சேர்த்து 1901இல் பிரான்சில் ஒரு மருந்தெண்ணெய் உருவாக்கினார்கள். புற்றுநோய் மருந்தை இந்த எண்ணெயில் கலந்து கட்டிக்குள் செலுத்துகிறார்கள். எண்ணெய் கட்டியின் நுண்குழல்களில் தங்கிவிடுகிறது. பிறகு நுண்ணிய துகள்களைச் செலுத்தித் தமனியை அடைக்கிறார்கள்.

அடைத்த மடையும் அடைபடாத மடையும்

அறுவடைக்கு முன் வயலை வடியவிட வேண்டும். விவசாயி மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் வயலின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. மடை நன்றாகத்தான் அடைபட்டிருக்கிறது. பின் எப்படி? அடுத்த வாய்க்காலிலிருந்து வரப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு கசிவு!

கல்லீரல் கட்டியிலும் இதே போல நடக்கலாம். கல்லீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. ஆனால் அதன் மேற்புறத்தில் பின்பக்கமாக ஓரிடத்தில் அந்த உறை இல்லை. அங்கே கல்லீரல் உதரவிதானத்தோடு நேராக ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தருகே கட்டி வளர்ந்தால், உதரவிதானத்துக்கு வந்த தமனி கட்டிக்கும் இரத்தம் கொடுக்கத் தொடங்கிவிடும். கல்லீரலுக்கு வெளியிலிருந்து கட்டிக்கு வரும் துணைவழிகளுள் மிகுதியாகக் காணப்படுவது வலக் கீழ் உதரவிதானத் தமனிதான்.

கல்லீரல் தமனியை மட்டும் அடைத்துவிட்டு மருத்துவர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கட்டியின் ஒரு பகுதி வாடும். உதரவிதானத்தை ஒட்டிய பகுதி தழைத்து நிற்கும். அடைத்த பின் கட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. அதனால் உதரவிதானத் தமனிக்கும் கட்டிக்கும் இடையே அழுத்த வேறுபாடு முன்னைவிடக் கூடுகிறது. மின்சுற்றில் மின்னழுத்த வேறுபாடு கூடினால் மின்னோட்டம் கூடுவதைப் போல, இங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது. ஓட்டம் கூடக் கூடத் தமனியும் நாளடைவில் பருக்கிறது. உயிர்வளி கிடைக்காத கட்டி சில வேதிப்பொருள்களைச் சுரந்து புதிய இரத்தக் குழல்களையும் தன்பால் இழுக்கிறது.

தமனி சற்றே பருத்தால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். இங்கே இயற்பியல் ஒரு கணக்குச் சொல்கிறது. பாரிசில் வாழ்ந்த புவாசே என்பவர் மருத்துவம் படித்தவர், இயற்பியலும் கற்றவர். குறுகிய குழாய்களில் நீர்மம் எப்படிப் பாய்கிறது என்று 1830களிலும் 1840களிலும் அளந்து பார்த்தார். இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளும் ஆவலே அவரை இதற்குத் தூண்டியது. அழுத்த வேறுபாடும் நீளமும் மாறாதிருந்தால், பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டார்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஆரம் இரு மடங்கானால் ஓட்டம் 2 × 2 × 2 × 2, அதாவது 16 மடங்கு! ஆரம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூடினால் 1.2 × 1.2 × 1.2 × 1.2, அதாவது ஏறத்தாழ 2.07. ஓட்டம் இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய நீர்மம் அன்று; தமனியும் விறைப்பான குழாய் அன்று. ஆகவே இந்தக் கணக்கு உடலில் அப்படியே பொருந்தாது. ஆயினும் சிறு தமனி ஒன்று சற்றே பருத்ததும் எப்படி ஒரு கட்டியை வாழவைக்கிறது என்பதை இது நன்கு விளக்குகிறது.

ஆகவே மருத்துவர் உதரவிதானத் தமனியையும் தேடிப் பிடிக்க வேண்டும். எங்கே தேடுவது? பெருந்தமனியிலா, சீலியாக் தண்டிலா, சிறுநீரகத் தமனியிலா? நாம் முன்னர் பார்த்த 40, 38, 17 என்ற எண்களின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? பாடநூல் காட்டும் இடத்தில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பிவிட்டால், நோயாளியின் வாய்ப்பு பறிபோகும்.

காணாததைக் காணும் வழி

எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும். இரத்தக் குழல் தெரியாது. தசையும் இரத்தமும் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இலேசான அணுக்களால் ஆனவை. இரண்டும் கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் உட்கவர்வதால் பிரித்தறிய முடிவதில்லை. அயோடினின் அணு எண் 53. அது கதிரை நன்றாகத் தடுக்கும். அயோடின் சேர்ந்த மருந்தைத் தமனிக்குள் செலுத்திவிட்டுப் படம் எடுத்தால், தமனி மரக்கிளை போலத் தெளிவாகத் தெரிகிறது.

மருந்தைத் தமனிக்குள் கொண்டுசேர்ப்பது எப்படி? சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் 1953இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். தொடையில் உள்ள தமனியில் ஊசியைக் குத்த வேண்டும். ஊசியின் வழியே மெல்லிய கம்பியை உள்ளே விட வேண்டும். ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மேலாகக் குழாயைச் செலுத்த வேண்டும். பிறகு கம்பியை உருவிவிடலாம். இன்றும் இதுவே அடிப்படை முறை. குழாயின் நுனியைத் திரையில் பார்த்தபடியே பெருந்தமனிக்குள் நகர்த்தி, வேண்டிய கிளைக்குள் நுழைக்கிறார்கள்.

இந்தக் குழாய்களின் பருமனை அளக்கும் அலகுக்குப் 'பிரெஞ்சு' என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியே வகுத்த அளவு அது. 1 பிரெஞ்சு என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு விட்டம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் அவர்களின் எத்தனையோ அடையாளங்கள் எஞ்சியுள்ளன. மருத்துவமனையில் ஊழியர் 'ஐந்து பிரெஞ்சு குழாய் கொடுங்கள்' என்று கேட்பதும் அத்தகைய ஓர் அடையாளமே. ஆனால் அது உலகம் முழுவதற்கும் பொது. உதரவிதானத் தமனிக்குள் நுழைய 3 பிரெஞ்சுக்கும் குறைவான, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய நுண்குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள்.

குழாயை உள்ளே விடும் முன்பே வழியை அறிந்துகொள்ளவும் இன்று முடிகிறது. சி.டி. ஸ்கேன் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்காகப் பொறியாளர் ஹவுன்ஸ்பீல்டும் இயற்பியலாளர் கார்மாக்கும் 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பல கோணங்களில் எடுத்த அளவுகளைக் கணக்கிட்டு உடலின் குறுக்குவெட்டுப் படத்தை அது தருகிறது. அயோடின் மருந்தைச் சிரையில் ஏற்றிவிட்டு ஸ்கேன் எடுத்தால், உதரவிதானத் தமனி எங்கே பிரிகிறது, பருத்திருக்கிறதா, கட்டியை நோக்கிச் செல்கிறதா என்பதையெல்லாம் மருத்துவர் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

வேறு எங்கெல்லாம் இது உதவுகிறது?

காசநோயால் வடுப்பட்ட நுரையீரலிலிருந்து சிலருக்கு இருமலோடு இரத்தம் பெருகிவரும். மூச்சுக் கிளைக்குழல்களுக்குப் போகும் தமனிகளை அடைத்து இதை நிறுத்துவார்கள். அடைத்த பின்னும் இரத்தம் நிற்கவில்லை என்றால், மருத்துவர் உதரவிதானத்தையும் சந்தேகிக்க வேண்டும். நுரையீரலின் அடிப்பகுதி உதரவிதானத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டால், கீழிருந்து இந்தத் தமனி அங்கேயும் கிளைபரப்பிவிடும்.

உணவுக்குழலும் இரைப்பையும் சேரும் இடத்தில் இரத்தம் கசிந்தால், இரைப்பைத் தமனியோடு இடக் கீழ் உதரவிதானத் தமனியையும் பார்க்க வேண்டியிருக்கும். கல்லீரல், சிறுநீரகம், அட்ரினல் சுரப்பி ஆகியவற்றில் அறுவை செய்பவருக்கும் இந்த அறிவு தேவை. சிறுநீரகத் தமனியிலிருந்து ஏறும் ஒரு சிறு கிளையை, இன்னதென்று அறியாமல் வெட்டினால் வீண் இரத்தப்போக்கு ஏற்படும்.

தமனியைக் கண்டுபிடித்தவுடன் அடைத்துவிடலாமா? அங்கும் நிதானம் வேண்டும். அது கட்டிக்கு மட்டும் உரியதன்று. மூச்சுத் தசைக்கும் உரியது. அடைத்த பின் சிலருக்குத் தோளில் வலி தோன்றும். வயிற்றுக்கு மேலே அடைத்தால் தோளில் ஏன் வலிக்கிறது? உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியிலிருந்தே கிளம்புகின்றன. எனவே மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும். உதரவிதானம் சற்றே தளர்வதும் உண்டு. அதனால் நுண்குழாயைக் கூடுமானவரை கட்டியின் அருகே கொண்டுபோய், அங்கே பிரியும் கிளையை மட்டும் அடைக்க முயல்வார்கள். வேண்டாத மடையை அடைக்கப் போய், வேண்டிய வயலைக் காயவிடக் கூடாதல்லவா?

இந்த அறிவைத் தந்தவர்கள்

இத்தனை வழிகளையும் முதலில் காட்டியவை கருவிகள் அல்ல, இறந்தவர்களின் உடல்கள். உடற்கூற்றியல் கூடத்தில் ஒவ்வோர் உடலையும் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, 'இவருக்கு இப்படி, அவருக்கு அப்படி' என்று குறித்துவைத்தவர்களால்தான் 40, 38, 17 என்ற எண்கள் பிறந்தன. இந்தக் கல்வி தமிழுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழில் வெளியிட்டார். புதுச்சேரியில் 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். அதன் காரைக்கால் வளாகம் 2016இல் தொடங்கியது. நம் பகுதி மாணவர் மருத்துவம் படிக்க இன்று நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

இறந்த பின் தம் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாகத் தருபவர்கள், பேசாமலே பாடம் நடத்தும் ஆசிரியர்கள். அந்த மேசைமுன் முதல்முறையாக நிற்கும் மாணவர் கற்கும் பெரிய பாடம் ஒன்று உண்டு: புத்தகத்தில் உள்ள படம் பலரைப் பார்த்து வரைந்த ஒரு பொதுப்படம், எதிரே இருப்பவரோ ஒரு தனி மனிதர்.

வரும் முன் காப்பது

ஈரல் புற்றுநோய்க்கு மருத்துவம் எவ்வளவு நுட்பமானது என்று பார்த்தோம். அது வராமலே தடுக்க எளிய வழிகளும் உள்ளன. ஹெபடைடிஸ் பி என்னும் கிருமி ஈரலில் நெடுங்காலம் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இக்கிருமியைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகப் பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதற்கான தடுப்பூசி நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளது. முதல் ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ குழந்தை பிறந்தால் இதைப் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையைத் தின்னாதீர்கள். அந்தப் பூஞ்சையில் உண்டாகும் நஞ்சும் ஈரலைக் கெடுக்கும். மதுவும் அப்படியே.

அடுத்த முறை உயிரியல் நூலில் தமனிகளின் படத்தைக் காணும்போது அதை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பொது அமைப்பை அறியாமல் வேறுபாட்டை அறிய முடியாது. அத்தோடு ஓரத்தில் சிறியதாக ஒரு கேள்வியையும் எழுதிவையுங்கள்: 'எல்லாருக்கும் இப்படித்தானா?' நாளை உங்களுள் ஒருவர் மருத்துவராகி ஒரு நோயாளியின் தமனியைத் தேடும்போது, அந்தக் கேள்வி அவர் உயிரைக் காக்கலாம்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. நிமிடத்துக்கு 18 முறை மூச்சு விடுபவரின் உதரவிதானம் ஒரு நாளில் எத்தனை முறை சுருங்கும்?

2. ஒரு தமனியின் ஆரம் ஒன்றரை மடங்கானால், புவாசே விதிப்படி இரத்த ஓட்டம் ஏறத்தாழ எத்தனை மடங்காகும்?

3. போர்ட்டல் சிரை அடைபட்டுள்ள ஒருவருக்குக் கல்லீரல் தமனியை அடைக்க மருத்துவர் தயங்குவது ஏன்?

4. 4 பிரெஞ்சு குழாயின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்?